நான் வெட்டியெறிந்த எச்-டூ

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவி மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். இளஞ்சூடான உப்புநீரில் ரத்தக்குழாய் வளையம் ஒன்றைக் கொக்கியில் தொங்கவிட்டு, அலர்ஜியின்போது உடம்பு சுரக்கும் ஹிஸ்டமினில் ஒரு சொட்டு விட்டு, அது சொக்கி நெகிழ்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதை வைத்துக் கனவு மாதிரி ஒரு கதை எழுத ஆசைப்பட்டேன்.

முதல் தொடக்கம்: 'அவள் விரல் நுனியில் ஒரு நதி தன் கரைகளை மறந்து...'

(சகிக்கவில்லை. விட்டுவிட்டேன்.)

2

விஷயத்தை அவளே சொன்னாள்.

"குழாயோட உள்பக்கச் சவ்வுல எச்-ஒன்னுன்னு ஒரு ஏற்பி இருக்குங்க, ஹிஸ்டமின் வந்து ஒட்டுற இடம். ஹிஸ்டமின் பட்டதும் சட்டுன்னு குழாய் விரியும், நீர் கசியும், வீங்கும். ஆனா அந்த விரிவு சீக்கிரம் அடங்கிடும். சுத்தி இருக்கிற தசையில எச்-டூ. அது மெதுவாத்தான் ஆரம்பிக்கும், லேசுல விடாது. ஒண்ண மட்டும் தடுத்தா பாதி வேலைதான்."

"ரெண்டு ஏற்பின்னா படிக்கிறவன் கொட்டாவி விடுவான். ஒண்ணு போதும்."

"உங்க கதை, உங்க இஷ்டம். ரத்தக்குழாய் உங்க கதையெல்லாம் படிக்காது!"

சிரித்துக்கொண்டே எச்-டூவைக் கதையிலிருந்து அடித்துவிட்டேன்.

3

இன்று மதியம் மொட்டைமாடியில் துணி எடுக்கப்போனவளைக் குளவி கொட்டிவிட்டது. உடம்பெல்லாம் தடிப்பு. அலமாரியிலிருந்த அலர்ஜி மாத்திரையைக் கொடுத்தேன். அது எச்-ஒன்னை மட்டும் தடுப்பது. கொஞ்ச நேரத்தில் தடிப்பு வடிந்தது.

"தலை சுத்துதுங்க."

"அதான் அடங்கிடுச்சே. பேசாம படு."

என் கதையில் ஒரே ஏற்பிதானே? அது அடங்கினால் எல்லாம் முடிந்தது. சொந்தக் கதையை நானே நம்பித் தொலைத்தேன். பக்கத்து அறையில் உட்கார்ந்து ஒரு பத்தியைச் செதுக்கினேன். திரும்பி வந்து கூப்பிட்டபோது அவள் எழவில்லை.

4

"தலை சுத்துதுன்னப்பவே கூட்டிட்டு வர வேண்டாமா சார்?" என்றார் டாக்டரம்மா. "இதுக்கு மாத்திரையெல்லாம் பத்தாது. அட்ரினலின் ஊசி போட்டாச்சு, சலைன் ஏறுது. ரெண்டு ஏற்பிக்கும் மருந்து குடுத்திருக்கோம். பிரஷர் ஏறணும்."

எழுபதிலேயே நிற்கிறது. ஜன்னல் வெயில் திரைச்சீலையில் மெல்ல ஆடுகிறது. சலைன் சொட்டுகிறது. தண்ணீருக்கடியில் படுத்திருப்பவள் போல இருக்கிறாள். படுக்கை ஓரத்தில் நோட்டை வைத்து எழுதுகிறேன்.

5

முடிவு அ: பிரஷர் ஏறுகிறது. கண்விழித்ததும் என்னைத் திட்டித் தீர்க்கிறாள்.

முடிவு ஆ: அவள்...

(மாட்டேன். இந்த வாக்கியத்தை எழுதவே மாட்டேன்.)

படிப்பவர்கள் பரபரக்க வேண்டுமென்று காலமெல்லாம் பாடுபட்டவன் நான். இன்று உப்புச்சப்பில்லாத ஒரு கதை கிடைத்தால் போதும், சாமி.

நர்ஸ் வந்து அவள் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றுகிறார். "நோட்ட கொஞ்சம் எடுங்க சார்." காற்று ஏறுகிறது. அந்த எண்ணை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், எனக்குத் தைரியமில்லை. பேனாவை மூடுகிறேன். எழுதிக்கொண்டே இருந்ததில், இவ்வளவு நேரம் அவள் கையைக்கூட நான் பிடிக்கவில்லை.