போர்டு வேம்பு

வேலையை நன்றாகச் செய்தால் வேலை போய்விடும் என்று ஓர் ஏற்பாடு செய்யச் சாமானிய மூளை போதாது. அதற்கு ஒரு போர்டு வேண்டும். எங்கள் பக்கத்துச் சாலைகளில் மரம் வளர்க்க வெள்ளைக்காரர் காலத்தில் அப்படி ஒரு போர்டு புதிதாக வந்தது. தேனியிலிருந்து வீரபாண்டி போகிற சாலையில் இரண்டு பக்கமும் வேப்பங்கன்று நட்டார்கள். கன்று தானாக நிற்கிற வரைக்கும் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள். நின்றுவிட்டால் ஆளுக்குச் சீட்டுக் கிழிந்துவிடும். இதுதான் விதி.

ஆண்டிபட்டிச் சாலைக்கு நியமனமான அழகர் விவரமானவன். விதியைக் கேட்ட அன்றே வேட்டியை விரித்துப் படுத்துவிட்டான். கன்றுகள் கருகின. போர்டு மனம் தளராமல் புதுக் கன்றுகளை அனுப்பியது, அவையும் கருகின. அவனுடைய வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை.

வீரபாண்டிச் சாலைக்கு வாய்த்த பிச்சைமணிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. முல்லையாற்றிலிருந்து காவடி போட்டுக் குடம் குடமாகச் சுமந்தான். முள் கட்டினான். ஆடு மேய்க்கிறவர்களோடு சண்டை போட்டான். மரங்கள் ஆள் உயரத்தைத் தாண்டித் தழைத்து நின்றன. சித்திரைத் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஓவர்சியர் ஞானதுரை வந்து பார்த்துவிட்டு அவன் முதுகில் தட்டினார்.

"பிரமாதமா வளத்திருக்கியேலே. போர்டுத் தலைவர்ட்ட உன்னப் பத்திப் பெருமையாச் சொல்லியிருக்கேன். திருவிழா முடிஞ்ச மறுநாள் அவரே பாக்க வாறாக. பாத்ததும் உன்ன வேலையிலருந்து எடுத்துருவோம்."

பிச்சைமணி பழக்கத்தில் கும்பிட்டுவிட்டான். வீட்டுக்குப் போய்ச் சொன்ன பிறகுதான் அவனுக்கே விஷயம் உறைத்தது. அவனுக்கு நிலம் கிடையாது. இந்த வேலை போனால் கூடலூர் தாண்டி மலைமேல் நடக்கிற அணை வேலைக்குத்தான் போகவேண்டும். அவன் தம்பி போன வருஷம் அங்கே போனான். காட்டுக் காய்ச்சலில் செத்தான். கம்பளி மட்டும் திரும்பி வந்தது.

அவன் பெண்டாட்டி அய்யம்மாள் உலையை இறக்கிவைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். "ஊருல வேலையக் கெடுத்தவனத்தேன் வெலக்குவாக. ஒங்கள வேலை செஞ்சதுக்கு வெலக்குறாக. இன்னைலருந்து ஒரு சொட்டு ஊத்தக் கூடாது."

அவன் சரி என்றான். மறுநாள் வெறுங்கையோடு சாலையில் நடந்தான். வெயிலில் இலைகள் தொங்கிப்போயிருந்தன. மனசு கேட்காமல் ஆற்றுக்கு ஓடினான். அவனைத் திருத்த முடியாது என்று கண்டதும் அய்யம்மாள் மேல் கோர்ட்டுக்குப் போனாள், அதாவது வீரபாண்டிக் கௌமாரியம்மனிடம். புருஷன் வேலை நிலைத்தால் வேப்பிலை உடுத்திக் கோயிலைச் சுற்றி வருவதாக நேர்ந்துகொண்டாள். காரியம் முடிகிறவரை காத்திருக்கவும் அவளுக்குப் பொறுமை இல்லை. ஆத்தாளுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டால் ஆத்தாளால் தட்டமுடியாது என்பது அவள் கணக்கு.

திருவிழா வந்தது. வண்டி வண்டியாக வந்த ஜனங்களில் பாதிப்பேருக்கு வேப்பிலை நேர்த்திக்கடன். வழிநெடுகக் கைக்கெட்டும் உயரத்தில் இளவேம்பு தழைத்து நின்றால் யார் விடுவார்கள்? பிச்சைமணி கம்பை எடுத்துக்கொண்டு ஓடினான்.

"ஒடிக்காதீக. இது போர்டு மரம்."

"போர்டு என்ன ஆத்தாளுக்கு மேலயா?" என்று கேட்டுவிட்டு ஒடித்தார்கள். இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் ஒடித்தார்கள். மூச்சு வாங்க அவன் போய் நின்ற மரத்தில் இரண்டு கையாலும் ஒடித்துக்கொண்டிருந்தவள் அய்யம்மாள்.

"ஒங்களுக்காகத்தேன்," என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

திருவிழாவின் கடைசி நாள் காலையில், தலைவர் வருவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட ஞானதுரை வந்தார். சாலையின் இரண்டு பக்கமும் குச்சி குச்சியாக நின்றது. குடையை மடக்கக்கூட மறந்து நின்றார்.

"தோப்பு மாதிரி நிக்குதுன்னு சொல்லிட்டேனேலே. நாளைக்கு அவுக மூஞ்சில எப்படி முழிப்பேன்? இவ்வளவையும் ஒடிச்சது யாரு?"

"ஊரே ஒடிச்சுச்சு எசமான். எம் பொண்டாட்டியும் ஒடிச்சா," என்றான் பிச்சைமணி. அவனுக்குப் பொய் வராது.

வேப்பிலைச் சேலையோடு கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த அய்யம்மாள் நின்றாள். "ஆமா எசமான். அடுத்த வருசமும் ஒடிப்போம். சித்திரை வராமப் போயிருமா? மொட்டையா நிக்கிற மரத்துக்குக் கத்திரி வெயில்ல தண்ணி ஊத்த ஆளு வேணாமா?"

ஞானதுரை குடையை மடக்கினார். அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், அம்மன் பக்கமே போகாதவர். ஆனாலும் நாளைக்குத் தலைவரிடம் சொல்ல அவருக்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது.

"ஆத்தா இருக்குற வரைக்கும் இந்த மரம் தானா நிக்காது. அப்போ எப்பவுமே இங்கன ஒரு ஆளு வேணும். இது நல்ல பேச்சு," என்றவர் தலையைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். "ஆனா அந்த ஒண்ணு மட்டும் இப்படி நிக்குதேலே. அதக் காட்டி, எல்லாம் தானாத் தழைச்சுக்கும்னு தலைவர் சொல்லிட்டா?"

பிச்சைமணி முதன்முதலில் தண்ணீர் ஊற்றிய கன்று அது. மற்றவற்றைவிட உயர்ந்து, கீழ்க்கிளைகளை இழந்தும் உச்சியில் கருகருவென்று இலை வைத்திருந்தது. யாருக்கும் எட்டவில்லை. அதன் அடியில் கைப்பிள்ளையோடு ஒரு பெண் அண்ணாந்து நின்றிருந்தாள். பிந்தி வந்தவள், வழியில் எங்கும் ஒரு கொத்துக்கூடக் கிடைக்கவில்லையாம்.

பிச்சைமணி கம்பைக் கீழே போட்டான். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினான். முதல் கொத்தை ஒடிக்குமுன் அதை ஒருமுறை தடவிக்கொடுத்தான். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை.

"போதும்ணே, இவ்வளவு வேணாம்," என்றாள் அந்தப் பெண்.

"வாங்கிக்க தாயி," என்று மேலேயிருந்து சொன்னான். "அடுத்த வருசமும் மறக்காம வா."