வால் தொங்கிய படகு

நான் எதையும் முடித்ததில்லை என்று அக்கா சொன்னது உண்மைதான். கல்லூரியை இரண்டாம் வருடத்தோடு நிறுத்தினேன். பாட்டில் நிரப்பும் ஆலையில் பதினொரு மாத இரவு ஷிஃப்டையும் விட்டேன். இப்போது அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐந்து வாரமாக என் மூன்றடிப் படகு கிடந்தது. அவளும் மாமாவும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

"சூப்பர்வைசர் திரும்பவும் போன் பண்ணார்டா. திங்கட்கிழமை வந்தா அதே ஷிஃப்ட் தர்றாராம்," என்றாள்.

"ஞாயிறு வரைக்கும் பொறு. பூங்காக் குளத்துல இது ஒரு வட்டம் போட்டுட்டு என் கைக்கு வந்து சேரும். வரலேன்னா திங்கட்கிழமை போறேன்."

"வந்துட்டா?"

"அந்த வேலையப் பத்தி நீ வாயே திறக்கக் கூடாது."

மாமா தட்டிலிருந்து நிமிரவில்லை. "மத்த கேப்டனெல்லாம் கப்பலோட மூழ்குவான். இவன் ஷிஃப்டுக்குப் போவான்," என்றார்.

நூலகப் புத்தகத்தில் இருந்த ஒரு பழைய ஆற்றுப் படகின் படம்தான் மாதிரி. அதில் தண்ணீரைத் தள்ளிப் படகை ஓட்டும் சக்கரம் பக்கத்தில் இல்லை, பின்னால். படகின் உடம்புக்கு வெளியே நீட்டிய இரண்டு கட்டைகளில் தொங்கும். கடையில் விற்கும் பாகம் எதையும் நான் வாங்கவில்லை. ஆலையில் தூக்கிப்போட்ட பெட்டிப் பலகையைக் கீற்றுக் கீற்றாக அறுத்து உடம்பைக் கட்டினேன். சக்கரத்தின் பன்னிரண்டு துடுப்புகளும் பள்ளிக்கூட மர ஸ்கேல்கள். எண்களை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். ஒன்றில் மட்டும் 7 போகவே இல்லை. மோட்டார், செத்துப்போன பிரிண்டருடையது. வட்டமடிப்பதற்காகச் சுக்கானைச் சற்றுத் திருப்பிப் பசை போட்டு ஒட்டிவிட்டேன்.

நான் எழுதி வைத்த பட்டியலில் இருபத்து மூன்று வேலைகள். இருபத்திரண்டை முடித்தேன். கடைசியாக இருந்தவை, மேல்தளத்துக்கு மேலே முனையிலிருந்து வால் வரை ஓடும் கம்பிகள். படகுக்காரர்கள் துணி காயப்போடுவார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை சோதனை ஓட்டம். பத்தடி போனது. துடுப்புகள் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளாமல் வாரி மேலே இறைத்தன. பிறகு சக்கரம் அப்படியே நின்றது. நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் நின்று பார்த்தார்.

"தம்பி, படகா இது? தோட்டத்துக்குத் தண்ணி எறைக்கிற மிஷினா?"

முழங்கால் ஆழத்தில் இறங்கி எடுத்தேன். மோட்டாரைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு.

வீட்டில் மேல்தளத்தின்மேல் நீளமான இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சக்கரத்தின் கனம் தாங்காமல் வால் ஒரு விரற்கடை தொங்கியிருந்தது. சக்கரம் அச்சு வரை மூழ்கினால் எங்கே சுற்றும்? பேட்டரியை முனைக்கு நகர்த்தினேன். இப்போது முனையும் தொங்கியது, நடு முதுகு கூனியது.

பூதக்கண்ணாடியோடு படத்தை மறுபடி பார்த்தேன். அந்தக் கம்பிகள் முனையின் அடிக்கட்டையில் தொடங்கி, நடுவிலிருந்த தூண்களின்மேல் ஏறி, இறங்கி, சக்கரம் தாங்கும் கட்டைகளில் முடிந்தன. வாலைத் தூக்கிப் பிடிப்பதே அவைதான். நான் சோம்பேறித்தனத்துக்குத் துணிக்கொடி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அன்று மாலைக்குள் தூண்களை நட்டேன். மீன்பிடி நரம்பைக் கட்டிப் பார்த்தேன், நீண்டுகொண்டே போனது. இழுத்து முறுக்க மரை வெட்டிய கம்பி வேண்டும். வாசலில் மாமாவின் சைக்கிள் நின்றது. ஸ்போக்ஸ் கம்பியின் ஒரு நுனியில் மரையும் சின்னத் திருகும் இருக்கும்.

ஞாயிறு காலை, கேட்காமல், பின்சக்கரத்திலிருந்து இரண்டைக் கழற்றினேன். மீதி நீளத்துக்கு எஃகுக் கம்பி தேவைப்பட்டது. பால்கனியில் அதுவும் இருந்தது. அக்காவின் ஈரத்துணிகளை நாற்காலிகளின்மேல் போட்டேன். கடைசியில் துணிக்கொடியேதான்.

திருகைக் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்கினேன். மரம் முனகியது. இரும்பு ஸ்கேலுக்கும் தளத்துக்கும் நடுவே தெரிந்த வெளிச்சம் குறைந்து, மறைந்தது.

மத்தியானம் மூவரும் குளத்துக்குப் போனோம். மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "இதென்ன, தண்ணி போட்டவன் மாதிரி ஆடுது?" என்றார். நான் படகைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

படகை விட்டேன். இம்முறை துடுப்பின் விளிம்பு மட்டுமே தண்ணீரில் இறங்கியது. சத்தமில்லாமல் போனது. அக்கரையில் திரும்பும்போது ஒரு துடுப்பு பிளந்துகொண்டு டக் டக்கென்று அடிக்கத் தொடங்கியது. வேகம் பாதியாகிவிட்டது. மாமா என்னவோ சொல்ல வந்தார். அக்கா கையைக் காட்டி அடக்கினாள்.

திரும்பி வந்தது. ஆனால் விலகி வந்தது, கரைக்கு மூன்றடி தள்ளி. இப்போது விட்டால் தாண்டிப் போய்விடும். கல்லின்மேல் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். எட்டவில்லை. இன்னும் நகர்ந்தேன், இடுப்பு வரை வெளியே தொங்கியது. விழப்போன நேரத்தில் பின்னால் என் சட்டையையும் பெல்ட்டையும் சேர்த்து யாரோ பிடித்தார்கள்.

"நீட்டுடா, எருமை! நான் பிடிச்சிருக்கேன்ல!" அக்கா.

கைவிரல்கள் படகின் முனையைப் பிடித்தன. சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பிளந்திருந்தது அந்த 7தான்.

அக்கா மூச்சு வாங்கினாள். "சரி. இனிமே கேக்க மாட்டேன். அந்தாளு போன் பண்ணா நீயே பேசிக்கோ."

"பேசறேன்."

மாமா படகின்மேல் குனிந்து கம்பிகளை விரலால் சுண்டினார். பிறகு சைக்கிளின் பின்சக்கரத்தைப் பார்த்தார். மறுபடி படகைப் பார்த்தார்.

"டேய்," என்றார். "திங்கட்கிழமை உனக்கு வேலை இல்லேன்னு எவன் சொன்னது?"

வீட்டுக்கு வந்ததும் பட்டியலில் இருபத்து மூன்றை அடித்துவிட்டு, அதன் கீழே எழுதினேன்: மாமாவின் சக்கரம்.