தண்ணீர் தெளித்து விட்ட கூரை

1.

இந்தக் கதை பிறந்தது ஒரு பொய்யில். கதை என்றாலே பொய்தானே என்று நீங்கள் கண்ணடிக்க வேண்டாம். நான் சொல்வது இலக்கியத் தரமான பொய் அல்ல. ஓர் அட்டையில் பச்சை மையால் போட்ட இரண்டு டிக். ஐந்தாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் நாளுக்கு ஒன்று. அவற்றைக் கதையாக எழுதிவிட்டால் குற்றம் கலையாகிவிடும் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்தேன். இது நாலாவது காகிதம். இன்னும் ஆகவில்லை.

2.

முதல் வரிக்கான முயற்சிகள்:

"எங்கள் வீட்டுக் கொல்லையில் ஓர் அறை எழும்பியது, அதோடு சேர்ந்து ஓர் ஆன்மாவும்—" (கைவிடப்பட்டது. எழுதிய எனக்கே உடம்பு கூசியது.)

"என் அக்கா ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைகிறவள்." இது உண்மை. உண்மை என்பதால் சப்பென்று இருக்கிறது. இருக்கட்டும்.

அக்காவுக்கு ஏழு மாதத்தில் பிறந்த குழந்தை அழவில்லை. (இந்த வரியை எப்படி எழுதினாலும் இதே வரிதான் வருகிறது. அடுத்ததற்குப் போகிறேன்.) அதன் பிறகு எட்டு மாதமாக எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தாள். அத்தான் சனிக்கிழமை தோறும் வருவார், ஆரஞ்சுப் பழம் உரித்து வைப்பார், ஞாயிறு மாலை போவார். இரண்டு விஷயங்களை அவள் நிறுத்தியிருந்தாள். ஒன்று, கடவுள். அவரோடு பேச்சுவார்த்தை இல்லை. இன்னொன்று, "நாளைக்கு" என்ற சொல். நாளைக்கு என்ன சமைக்கட்டும் என்று அம்மா கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

ஒரு நாள் காலை அவள் கீழே இறங்கி வந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் பத்துக்குப் பத்து அறை ஒன்றை வரைந்தாள். கிழக்கே ஒரு ஜன்னல். துணிக்கொடிக்கும் துருப்பிடித்த சைக்கிளுக்கும் நடுவே கட்டவேண்டுமாம். எதற்கு என்று அம்மா கேட்டாள். உட்கார என்றாள். உட்கார வீட்டில் ஏற்கெனவே ஆறு நாற்காலிகள் இருப்பதை நான் சுட்டிக்காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. என் சுயசரிதைக்கு அதையே தலைப்பாக வைக்கலாம்.

3.

கதாபாத்திரம் ஒன்றின் மேல் சந்தேகம்.

கட்ட வந்தவர் ஒரு பெண் கொத்தனார். ஐம்பது வயது இருக்கும். நான் அவரை மேஸ்திரியம்மா என்று கூப்பிடுவேன். முதுகுக்குப் பின்னால் "ஆமென்". காரணம், ஒவ்வொரு வரிசைச் செங்கல் முடிந்ததும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து ஆமென் என்பார். பிறகு தூக்குக்குண்டை விட்டுச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்.

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும். இப்படி ஒருவரை நான் சொந்தமாகப் புனைந்திருந்தால் நானே பேனாவால் அடித்துவிட்டிருப்பேன். ஆகவே அவரைச் சோதித்தேன். ஜெபம்தான் பண்ணியாச்சே, அப்புறம் குண்டு எதுக்கு என்று கேட்டேன்.

"ஜெபம் எனக்கு. குண்டு சுவருக்கு" என்றார். "நீ தள்ளி நில்லு தம்பி, நிழல் விழுது."*

*சர்ச்சில் விசுவாசம் என்றும் நம்பிக்கை என்றும் இரண்டு சொற்கள் உண்டு. என்ன வித்தியாசம் என்று சின்ன வயதில் கேட்டதற்கு ஞாயிறு பள்ளி டீச்சர் என்னை வெளியே நிறுத்தினார். மேஸ்திரியம்மாவிடமும் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, சிமெண்ட் மூட்டையின் அந்த முனையைப் பிடி என்றார். அது பதிலா, வேலையா என்று இன்றுவரை தெரியவில்லை.

4.

கூரைக்குக் கான்கிரீட் போட்ட மறுநாள், அதன் மேல் கலவையால் சின்னச் சின்ன வரப்பு கட்டினார்கள். வயலில் பாத்தி கட்டுவது போலத்தான். பாத்திகளில் இருபத்தொரு நாள் தண்ணீர் வற்றாமல் நிற்கவேண்டும். பதினாலாம் நாள், அடியில் கூரையைத் தாங்கி நிற்கும் முட்டுகளைப் பிரிக்கலாம். காய்ந்துபோனால் கூரை விழாது. ஆனால் விரிசல் விடலாம்.

"நாளைக்கு எத்தனை தடவ ஊத்தணும்?" என்று அக்கா கேட்டாள்.

அம்மா கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். மேஸ்திரியம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியாததால், மூணு தடவை என்றார் சாதாரணமாக.

அன்று மாலை அக்கா ஓர் அட்டையில் ஸ்கேல் வைத்து இருபத்தொரு கட்டங்கள் வரைந்து, புது அறையின் வாசல்நிலையில் மாட்டினாள். பக்கத்தில் நூல் கட்டி ஒரு பச்சைப் பேனா. எட்டு மாதம் ஒரு "நாளைக்கு"வுக்குக்கூட இடம் கொடுக்காதவள், இருபத்தொரு "நாளைக்கு"களை வரிசையாக வரைந்திருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து மறுபடி ஆபீஸ் போகிறேன் என்றும் சொன்னாள். அதனால் தண்ணீர் விடும் வேலை எனக்கு வந்தது.

இதில் ஒரு நகைச்சுவை உண்டு. கைக்குழந்தையாக இருந்தபோது சர்ச்சில் என் தலையில் தண்ணீர் தெளித்தார்கள். கல்லூரியில் சேர்ந்ததும் வீட்டில் இன்னொரு முறை தண்ணீர் தெளித்து விட்டார்கள். அப்படிப்பட்டவனிடம் போய் தண்ணீர் தெளிக்கும் வேலையை—

(வாக்கியம் கைவிடப்பட்டது. அக்கா இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. வாளியை என் கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "இந்தக் கூரை விரிசல் விடாம நின்னா நான் அவர்கிட்ட திரும்பப் பேசலாம்னு இருக்கேன்டா." அவர் என்றது அத்தானை அல்ல.)

5.

நாலு நாள் ஒழுங்காக ஊற்றினேன்.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் கல்லூரியில் இருந்தேன். எங்கள் கையெழுத்துப் பத்திரிகையின் சிறப்பிதழ். அதில் என் பங்கு, "கடவுளின் வருகைப்பதிவேடு". ஒரு செமஸ்டர் முழுக்க அவருக்கு ஆப்சென்ட் போட்டு, பெற்றோரை அழைத்து வரச் சொல்லிக் குறிப்பும் எழுதியிருந்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த இரண்டு நாளும் உண்மையில் ஆப்சென்ட் யார் என்பது எனக்கு ஆறாம் நாள் மாலை, ஏணியின் கடைசிப் படியில் நின்றபோதுதான் உறைத்தது. பாத்திகள் வெளுத்துக் கிடந்தன. ஒரு காய்ந்த இலை சுருண்டிருந்தது. விரலால் தடவினேன், மாவு போல ஒட்டியது.

இறங்கி வந்து இரண்டு டிக் போட்டேன். ஏழாம் நாள் ஆறு தடவை ஊற்றினேன். ஆனால் கான்கிரீட்டுக்கு அரியர் எழுத முடியாது.

6.

பதின்மூன்றாம் நாள், அதாவது நேற்று, கரணையைக் கழுவிக்கொண்டிருந்த மேஸ்திரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கையும் சொன்னேன். விரிசல் விட்டால் அக்கா சாமியைத்தான் திட்டுவாள் என்பதையும் சொன்னேன்.

அவர் அதிரவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"திட்டட்டும். அடுத்தவன் செஞ்சதுக்கு அடி வாங்குறது அவருக்கு ஒன்னும் புதுசில்ல" என்றார். கரணையை வெயிலில் திருப்பிப் பார்த்தார். "உனக்குத்தான் அது வசதியா இருக்கான்னு பாத்துக்கோ."

இந்த இடத்தில் நான் ஒரு கிண்டல் எழுதவேண்டும். கை அதற்குப் பழகியது. மூன்று முறை முயன்றேன்:

"ஆக, கடவுள் என்பவர் எல்லோருக்கும் பொதுவான—"

"இன்சூரன்ஸ் போலவே இதிலும்—"

"இருபது வருடமாகச் சுவரில் தொங்குகிற சிலுவையைத் தினமும் பார்த்தும்—"

மூன்றாவது கிண்டலாக வரவில்லை. அதை நான் திட்டமிடவில்லை.

பிறகு வாளியோடு ஏறினேன். கூரை விரிசல் விடக்கூடாது என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது, "அவளைப் பாத்துக்கோங்க." யாரிடம் சொன்னேன் என்று திரும்பிப் பார்த்தேன். துணிக்கொடி, சைக்கிள். வேறு யாரும் இல்லை. கடைசியில் நான் ஆமென் என்றும் சொல்லியிருந்தேன். அந்தப் பட்டப்பெயரை இனி வைத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

இது விசுவாசமா, நம்பிக்கையா, மாட்டிக்கொண்டவனின் பயமா? மூட்டையின் எந்த முனையைப் பிடித்திருக்கிறேன் என்றே தெரியவில்லை.

7.

கதைக்கான முடிவுகள்:

முட்டு பிரிக்கிறார்கள், விரிசல் இல்லை, அக்கா முழங்காலில் நிற்கிறாள். அழகான முடிவு. என் இரண்டு டிக் அதன் அடியில் பத்திரமாகப் புதைந்துவிடும். அதனாலேயே வேண்டாம்.

முட்டு பிரிக்கிறார்கள், விரிசல் ஓடுகிறது, அக்கா மாடியறைக்குப் போகிறாள், நான் வாயைத் திறக்கவில்லை. இப்படி எழுதினால் கல்லூரியில் பாராட்டுவார்கள்.

முட்டு பிரிப்பதற்கு முன்பே நான் சொல்லிவிடுகிறேன். இதை எழுத முடிகிறது, சொல்ல முடியவில்லை. காலையிலிருந்து இரண்டு முறை அவள் முன்னால் போய் நின்றேன். ஒரு முறை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். இன்னொரு முறை, மணி என்ன என்று கேட்டேன். அவள் கையில் கடிகாரமே இல்லை.

8.

வாசகர்கள் மன்னிக்கவேண்டும். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், நிழல் விழுகிறது. இந்தக் கதைக்கு முதலிலிருந்தே ஒரே ஒரு வாசகிதான்.

அக்கா, இந்தக் காகிதங்களை உன் அட்டையின் மேல் கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு முட்டு பிரிக்க நீ வருவாய். முட்டு விழும்போது உள்ளே நிற்பேன் என்று அம்மாவிடம் சொன்னாயாமே. மேஸ்திரியம்மா சுத்தியலோடு நிற்பார். நீ படித்து முடிக்கும்வரை தொடமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த நேரம் நான் மேலே, பாத்திகளுக்கு நடுவில் நிற்பேன். கூரைக்கு ஏதாவது ஆனால் முதலில் கீழே வருவது நான்தான். இதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஐந்தாம் கட்டத்தையும் ஆறாம் கட்டத்தையும் பிளேடால் சுரண்டிவிட்டேன். அட்டையில் ஓட்டை விழுந்துவிட்டது. மன்னித்துக்கொள்.

படித்துவிட்டு நிமிர்ந்து பார். விரிசல் இருந்தால் அது என்னுடையது. அவருடையது இல்லை, அவரிடம் அதைக் கேட்காதே. விரிசல் இல்லாவிட்டால் அது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. என்னுடையது அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

பதினைந்தாம் கட்டம் காலியாக இருக்கிறது. பேனா நூலில் தொங்குகிறது. வாளி நிறைந்துவிட்டது. நாளைக்கும் நானே ஊற்றவா, வேண்டாமா என்று கீழேயிருந்து நீதான்—