நிமிர்ந்து நின்ற அளவு

மேசை நான்கு காலில் எழுந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதைச் செய்தவள் அளவு டேப்பைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைக் கட்டினவரும் அப்படித்தான். வீட்டை ஒட்டி முன்பு கார் நின்ற அறைதான் அவளுடைய பட்டறை. ஊருக்கெல்லாம் அலமாரியும் கட்டிலும் செய்து கொடுத்தவள், இந்த முறை வீட்டுக்காரருக்கே ஓர் ஆபீஸ் மேசை செய்திருந்தாள். அவர் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கிறவர். முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு அவரால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து கால்வரை நெருப்பாக இழுக்கும். நின்றுகொண்டு வேலை பார்க்கலாம், ஆனால் உடம்பின் பாரத்தை இரண்டு முன்கைகளிலும் இறக்கி வைக்க வேண்டும் என்று பயிற்சி கொடுக்க வரும் அம்மாள் சொல்லிவிட்டார். கடையில் வாங்கிய ஏற்றி இறக்கும் மேசை, அவர் சாய்ந்ததும் பால்பல் மாதிரி ஆடியது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு இவள் மரம் எடுக்கப் போனாள்.

ஆபீசில் ஒரு வாய்ப்புத் தந்திருந்தார்கள். திங்கட்கிழமை காலைக் கூட்டம் முழுவதும், வீட்டிலிருந்தபடியே கேமரா முன்னால் நின்று பேச வேண்டும். முடிந்தால் வேலை அவருக்கு. முடியாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயார். மேலாளர் நல்ல மனுஷன். அதனால் இதை மென்மையாகச் சொன்னார், அவ்வளவுதான்.

மேசையில் குறை சொல்ல எதுவுமில்லை. கனமான மரம். முன் விளிம்பை வயிற்றுக்கு இடம் விட்டுப் பிறை போல் வளைத்து, கை உறுத்தாதபடி உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தாள். உதவிக்கு வந்திருந்த நாத்தனார், வாயாடி என்று பெயரெடுத்தவள், அதன்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, அண்ணனைவிட மேசைக்குத்தான் முதுகெலும்பு கெட்டி என்று சான்றிதழ் கொடுத்தாள். அவர்கூடச் சிரித்தார்.

சிரித்துக்கொண்டே வந்து முன்கைகளை மேசைமேல் வைத்தார். தோள் இரண்டும் காதுவரை ஏறிக்கொண்டன. கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி தொங்கினார் மனுஷன்.

உயரம் அதிகம். நாலு விரல்கடையாவது அதிகம்.

எப்படி ஆயிற்று என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. யாருக்கு அளவெடுத்தாலும் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. டேப்பை நீட்டியதும் ஆட்கள் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைத்துக்கொள்வார்கள் இல்லையா, அதனால் முதலில் ஏதாவது பேச்சுக் கொடுப்பாள். மாமியார் எப்படி, வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று. பேச்சில் உடம்பு தளர்ந்து தன் நிலைக்கு வரும்போது சட்டென்று எடுப்பதுதான் அளவு. இவருக்கு மட்டும் அப்படிச் செய்யவில்லை. அளவெடுத்த அன்றைக்கு அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, ஆபரேஷனே நடக்காதவர் போல நிமிர்ந்து நின்றார். கழுத்து நரம்பு துடித்ததைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் அவள் பென்சிலால் குறித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் அவர்.

அப்படியானால் டீ கொதிக்கும்வரை நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் சுடக்கூட இல்லை, நாத்தனார் ஓடி வந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், நெற்றியை மேசையில் முட்டுக் கொடுத்து நிற்கிறார். வியர்வை மரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

கீழே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நிறுத்தலாமே என்று நாத்தனார் யோசனை சொன்னாள். குளியலறை வாசற்படியில் கால் தூக்க முடியாமல் அவர் விழுந்தது போன வாரம்தான். அது ஆகாது. மேசைக் காலை அறுப்பது ஒன்றுதான் வழி. மேஸ்திரி ரம்பத்தை எடுத்ததும் அவர் நின்றபடியே மேசைக் காலைப் பிடித்துக்கொண்டார்.

“வெட்டாத.”

“நாளைக்கு ஆபீஸ்ல உங்க உயரத்தையா பாக்கப் போறாங்க?”

“நீ பாப்ப இல்ல,” என்றார் அவர். “தினமும் இத தாண்டித்தானே போவ வருவ. இவரு இனிமே இவ்வளவுதான்னு மரத்துல வெட்டி வெச்சாப்புல இருக்கும்.”

மேஸ்திரி ரம்பத்தைக் கீழே வைத்தாள். அவர் கை அங்கே இருந்ததால்தான் வைத்தாள், மனசு மாறி இல்லை.

“அன்னிக்கு நீங்க மூச்சப் புடிச்சிட்டு நின்னது எனக்குத் தெரியும்,” என்றாள். “தெரிஞ்சேதான் குறிச்சேன். பழைய ஆளு திரும்பி வந்துட்டாருன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தப்பு என்னோடது. அதுக்காக நாளைக்கு நீங்க கேமரா முன்னாடி விழணுமா?”

அவர் பிடியை விடவில்லை. கடைசியில் நாத்தனார்தான், சின்ன வயதில் தன் சைக்கிளை உடைத்தது அண்ணன்தான் என்று பழைய வழக்கை எடுத்தாள். அது ஏற்கெனவே உடைந்த சைக்கிள் என்றார் அவர். அவள் விடவில்லை. பிரேக் யாருடைய பொறுப்பு என்று இருவரும் வாதாடிக்கொண்டிருக்க, அவருடைய பிடி நழுவி, தோள் மெல்ல இறங்கியது. கூடவே இடுப்பு வளைந்தது. மேஸ்திரி முழங்கைக்குக் கீழே டேப்பை நீட்டினாள். நாலு விரல்கடை இல்லை. ஆறு.

கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனாலும் குறித்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவர் தடுக்கவில்லை. உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார். அவள் தரை மட்டத்தைப் பார்த்துவிட்டு, ஆறு விரல்கடை கனத்தில் ஒரு கட்டையை ஒவ்வொரு காலோடும் ஒட்டி வைத்து, அதன் தலையை ஒட்டியே பென்சிலால் சுற்றிக் கோடு போட்டாள். நான்கு காலும் ஒரே மட்டத்தில் வர அதுதான் வழி. ஒரு கால் மயிரிழை பிசகினாலும் மேசை ஆடும். ஆடினால் கடை மேசைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அறுத்தது மீண்டும் ஒட்டாது. மேசையைக் கவிழ்த்து நாத்தனார் அழுத்திப் பிடிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் ஒவ்வொரு இழுப்பையும் கேட்டுக்கொண்டிருப்பார் என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக மெதுவாக அறுக்க முடியுமா?

திங்கட்கிழமை காலை, கதவுக்கு வெளியே அவள் நின்றாள். உள்ளே அவர் குரல். மாடிப்படிக்குக் கீழே தூணை எதற்கு நகர்த்தினீர்கள் என்று யாரையோ கேட்டார். யாரோ மழுப்பினார்கள். குரல் இடையில் ஒருமுறை தேய்ந்து நின்றது. அவள் கை கதவுப் பிடிக்குப் போயிற்று. திறந்தால் கேமராவில் தெரியும். திறக்காவிட்டால் உள்ளே ஆள் விழுவார். பிடியில் கையை வைத்தபடியே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் மறுபடி வந்தது. தூணைப் பழைய இடத்துக்கே மாற்றச் சொன்னது.

கூட்டம் முடிந்தது. மேலாளர் சந்தோஷமாக, மத்தியானக் கூட்டத்துக்கும் அவரையே வரச் சொன்னார். அவரும் சரி என்றார். அப்புறம் சத்தமே இல்லை.

“மேஸ்திரி,” என்று மெல்லக் கூப்பிட்டார்.

உள்ளே போனாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. முன்கைகள் மரத்தோடு மரமாக ஒட்டிக்கிடந்தன.

“கைய எடுத்தா விழுந்துடுவேன்.”

“எடுங்க.”

“கனமா இருப்பேன்.”

“தெரியும். எடுங்க.”

அவள் அவர் அக்குளுக்குள் தோளைக் கொடுத்து, காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள். அவர் ஒரு கையை எடுத்தார், பிறகு மற்றதை. மூச்சை அடக்கவில்லை, நிமிரவும் பார்க்கவில்லை. மொத்தப் பாரமும் அவள்மேல் இறங்கியது. முழங்கால் மடங்கப் பார்த்தது, தாங்கிக்கொண்டாள். கட்டில் எத்தனையோ தூரத்தில் இருந்தது. நாத்தனாரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டுவிட்டு, முதல் அடியை எடுத்து வைத்தாள்.