நாற்பது அடி ஆழமும் ஒரு மடக்குக் கத்தியும்

அந்தக் கத்தியைச் செய்தவன் யாரோ, எந்த ஊரோ தெரியாது. என் கையில் கிடைத்தால் துறைமுகத்துக் கிரேன் கொக்கியில் மாட்டி, எண்பது அடி உயரத்தில் மூன்று நாள் தொங்கவிடுவேன். வேளாவேளைக்குச் சோறு அனுப்புவேன். நான் ஒன்றும் கொடுமைக்காரன் இல்லை.

புத்தம் புது மடக்குக் கத்தி. ராயபுரத்தில் மனோகரனின் இரும்புக் கடையில் நானே பொறுக்கி எடுத்தது. அலகின் அடிப்பக்கம் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். கட்டை விரலால் அதைத் தள்ளினால் அலகு 'டக்'கென்று விரிந்து நிற்க வேண்டும். என் கத்தியில் குமிழ்தான் விரலுக்குள் போகுமே தவிர அலகு வெளியே வராது. இரண்டே நாளில் என் கட்டை விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. பருமனும் ஏறக்குறைய அதேதான்.

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் விரியும். அப்படி விரிந்து எனக்கு என்ன பிரயோஜனம்? ஒற்றைக் கையால் விரிய வேண்டும். அதுவும் சனிக்கிழமைக்குள் விரிய வேண்டும்.

எல்லாம் சுப்புராயனால் வந்தது. திருவொற்றியூர் குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கிறான், என் தோஸ்து. நான் தாவூது. முப்பத்து நாலு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். அத்தனை வருஷமும் கூண்டுக்குள் உட்கார்ந்து கடலைப் பார்த்தேனே தவிர, ஒரு நாளாவது கால் நனைத்ததில்லை. பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் முப்பத்து நாலு வருஷம் நோன்பு இருந்த மாதிரி. ஓய்வு பெற்ற மறுவாரமே சுப்புராயன் படகில் ஏறிவிட்டேன். வாரம் ஒரு நாள், சனிக்கிழமை. அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் பிரஷர் மாத்திரையை மறக்காமல் விழுங்குகிறேன்.

போன மாதம் வலைக் கயிறு கணுக்காலில் சுற்றி, தண்ணீரில் விழுந்துவிட்டேன். சுப்புராயன்தான் கயிற்றை அறுத்துத் தூக்கினான். அதற்குப் பிறகு என்னை ஏற்றாமலே இருந்தவன், போன சனிக்கிழமை கரைக்குப் போய்க் கேட்டதும் சட்டம் போட்டுவிட்டான்.

"பாய், ஒரு கை படகப் புட்சிக்கும். இன்னொரு கைதான் கத்திக்கு. ஒத்தக் கையால கத்தி விரிக்கத் தெரியாதவன் என் படகுல ஏறக் கூடாது. எங்கப்பனே வந்தாலும் இதான்."

"உங்கப்பன் செத்து பத்து வருஷம் ஆவுதுடா."

"அதான் அவரு வரமாட்டாரு. நீ வருவ. சனிக்கெழம மூணு மணிக்குக் கரைக்கு வா. பத்து தபா விரிச்சுக் காட்டு. இல்லன்னா உன் எடத்துல என் மச்சான் திலீப்பு குந்துவான்."

திலீப்! கரையில் கட்டியிருக்கும் படகில் ஏறினாலே வாந்தி எடுக்கிறவன். அவன் குந்தப்போகிறானாம், என் இடத்தில்! அன்றைக்கே போய்க் கத்தி வாங்கினேன்.

திங்கட்கிழமை தேங்காயெண்ணெய் விட்டேன். அது நான் செய்த முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன். எண்ணெய் வைத்த கத்தியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் அதன் இடுக்கில் காசிமேட்டு மணல் முக்கால்வாசி ஏறிவிட்டது. முன்பு முனகிய கத்தி இப்போது பல்லைக் கடித்தது.

வாசற்படியில் உட்கார்ந்து நான் அதோடு மல்லுக்கட்டுவதை என் பெண்டாட்டி ஷம்ஷாத் தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள்.

"வாசல்ல கத்தியும் கையுமா குந்திகினு பல்ல நறநறன்னு கடிக்கிறீங்க. காய் வண்டிக்காரன் ரெண்டு நாளா நம்ம தெருவுக்கே வர்ல."

"கத்தி தொறக்க மாட்டேங்குதுடி!"

"இந்தாங்க, மிஷின் ஆயில். ரெண்டு சொட்டு வுடுங்க," என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அந்தச் சிரிப்பை அப்போதே கவனித்திருக்க வேண்டும். கோபத்தில் இருப்பவனுக்குக் கண் தெரியுமா?

செவ்வாய்க்கிழமை காலை கத்தியை மனோகரன் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன், கைப்பிடிப் பக்கமாகத்தான். மனோகரன் பொறுமைசாலி. கிருஷ்ணாயிலில் கத்தியை முக்கி, பழைய பல் தேய்க்கும் பிரஷால் மணலைத் தள்ளி, துணியால் துடைத்தான். அலகு சுழலும் இடத்தில் ஒரே ஒரு சொட்டு மிஷின் ஆயில் விட்டான். பிறகு அந்த இடத்து ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தினான்.

"கால் சுத்துதான் பாய். புதுசுல டைட்டா இருக்கும். அதுக்கு மேல தளர்த்தினா அலகு ஆடும், வெரல வெட்டிரும். நூறு தபா தொறந்து மூடு, பழகிரும்."

'டக்!' ஆஹா! கப்பல் சங்கு ஊதினால்கூட அவ்வளவு இனிமையாக இருக்காது. வீடு வரைக்கும் திறந்து மூடிக்கொண்டே வந்தேன். ஆயிரம் தடவை. சரி, நூற்றைம்பது. மத்தியானம் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டு, சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு ஒரு தூக்கம் போட்டேன். எழுந்து சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்துத் தள்ளினேன்.

அசையவில்லை.

ஓடினேன். மனோகரன் மறுபடி கால் சுற்று தளர்த்தினான். 'டக்!' புதன்கிழமை சாப்பிட்டேன், தூங்கினேன், எழுந்தேன். அசையவில்லை. வியாழக்கிழமையும் அதே கதை. காலையில் கத்தி குழந்தை மாதிரி சொன்ன பேச்சைக் கேட்கிறது, சாயங்காலம் மாமியார் மாதிரி வாயை இறுக்கிக்கொள்கிறது. மணலி ஆலைக் காற்று இரும்பைத் தின்கிறது என்று நினைத்தேன். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் சட்டைப் பைக்குள் விழுகிறது என்று நினைத்தேன். ஜின் பிடித்திருக்குமோ என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். கடைசியில் மனோகரன்தான் அயோக்கியன் என்று முடிவு கட்டி, வியாழக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் நின்று அவனையும் அவன் அப்பனையும் அவன் தாத்தாவையும் வரிசையாக விசாரித்தேன். தெருவில் போன ஆட்டோக்கள் நின்று கேட்டன.

மனோகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்க்ரூவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"பாய், கத்தறத நிறுத்திட்டு இங்க பாரு. ஸ்க்ரூ தலையில புதுசா கீறல் கீது. என் டிரைவரு பெருசு, இப்டி கீறாது. யாரோ பொடி டிரைவரு போட்டு தெனம் முறுக்குறாங்க. உன் வூட்ல அந்த மாதிரி இன்னா கீது?"

  தையல் மிஷின் இழுப்பறையில், பாபினுக்குப் பக்கத்தில், சுண்டு விரல் நீளத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, சட்டையை ஆணியில் மாட்டிப் படுத்தேன். குறட்டை விட்டேன். என்ன குறட்டை! மணலி டேங்கர் லாரி மேடு ஏறுகிற மாதிரி. அரைக் கண்ணால் பார்த்தேன். ஷம்ஷாத் மெல்ல எழுந்தாள். என் சட்டைப் பைக்குள் கை விட்டாள். மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோக்கும்போது செய்வதுபோல நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, முறுக்கினாள்.

"ஷம்ஷாத்!"

அவள் திடுக்கிடவில்லை.  ஆரம்பித்த சுற்றை முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"கொறட்ட நின்னு போச்சேன்னு அப்பவே நெனச்சேன்."

"நாலு நாளா என்னைப் பைத்தியக்காரன் ஆக்கிட்டியேடி! மனோகரன இன்னான்னெல்லாம் திட்னேன் தெரியுமா? அவன் தாத்தா வரைக்கும் போயிட்டேன்!"

"போய் மாப்பு கேளுங்க."

"இன்னாத்துக்குடி இப்டிப் பண்ண?"

எழுந்து நின்றாள். ஐந்தடிகூட இல்லாதவள், அன்றைக்கு உத்தரத்தில் தலை இடிக்கிற மாதிரி நின்றாள்.

"இன்னாத்துக்கா? நாப்பது அடி ஆழத்துக்குக் கயிறு இழுத்துகினு போச்சுன்னு சொன்னது யாரு? கப்பலோட அடி வவுறப் பாத்தேன்னு சொன்னது யாரு? உசுரு போறப்ப சொல்ற கலிமாவயும் சொல்லி முட்ச்சிட்டேன், கடைசியா உன் மூஞ்சிதான் தெரிஞ்சுதுன்னு சொன்னது யாரு? ஒரு மாசமா நான் கண்ண மூட்னா நீங்க தண்ணிக்குள்ள நிக்கிறீங்க. கூப்ட்டா திரும்ப மாட்டேங்கிறீங்க. நான் தூங்கி ஒரு மாசம் ஆவுது. கத்தி தொறந்தாத்தான படகு? தொறக்கக் கூடாது. அவ்ளோதான்."

 என் கோபத்தில் பாதி அங்கேயே தரையில் கொட்டிப் போனது. மீதிப் பாதியை யார் மேல் கொட்டுவது? டீக்கடையில் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்கிறார்களே என்று பத்தடியை இருபதாக்கி, இருபதை நாற்பதாக்கி, வீட்டுக்கு வந்து கலிமாவையும் சேர்த்துக்கொண்டது நான்தானே! அவள் கண்கலங்கியதும், 'அடடா, எவ்வளவு பாசம்' என்று பூரித்துப் போனதும் இந்தக் கிழட்டு மண்டைதான்.

"ஷம்ஷாத்... நாப்பது அடி இல்ல."

"பின்ன?"

"நடுக்கடலே இல்ல. திரும்பி வந்து கரையில படகத் தள்றப்ப விழுந்தேன். தண்ணி... இடுப்பளவுதான்."

நிம்மதிப் பெருமூச்சு விடுவாள் என்று பார்த்தேன். இல்லை.

"கலிமா?"

"வாய் நெறைய தண்ணி. எங்க சொல்றது?"

"என் மூஞ்சி?"

"அது நெஜமாத் தெரிஞ்சுது. கரைக்கு வந்தப்புறம். ஈர லுங்கியோட வூட்டுக்குப் போனா கத்துவியேன்னு."

அவள் ஸ்க்ரூ டிரைவரைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "நாளைக்கு நானும் வரேன். அந்த எடத்தக் காட்டுங்க." அன்று ராத்திரிச் சாப்பாட்டில் குழம்பு இல்லை. வெறும் ரசம்.

சனிக்கிழமை காலை மனோகரனிடம் மன்னிப்புக் கேட்டேன். மூன்று தலைமுறைக்கும் தனித்தனியாகக் கேட்கச் சொன்னான், கேட்டேன். கத்தியைத் தளர்த்தித் தரச் சொன்னேன். "வூட்ல கேட்டுகினு வா பாய்," என்று சொல்லிவிட்டான் அந்த நல்லவன்.

மூன்று மணிக்குத் திருவொற்றியூர்க் கரை. அலை தடுக்கக் கல் கொட்டிய இடத்துக்குப் பக்கத்தில் சுப்புராயன் படகு. என் பையில் இறுகிப் போன கத்தி. படகின் மேல் சாய்ந்துகொண்டு, என் இடத்தை இப்போதே கண்ணால் துடைத்துக்கொண்டிருந்தான் திலீப்.

"வா தங்கச்சி!" என்றான் சுப்புராயன். "பாய் கத்தி விரிக்கறத வேடிக்க பாக்க வந்தியா?"

"அது அப்புறம். சுப்பண்ணே, இவரு எந்த எடத்துல விழுந்தாரு?"

சுப்புராயன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். கல் ஓரமாக ஒரு இடத்தைக் கை காட்டினான். "தோ, அந்தக் கல்லாண்ட."

ஷம்ஷாத் செருப்பைக் கழற்றினாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நேராக அந்தக் கல்லுக்குப் போய் நின்று, குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அலை வந்து போனது. தண்ணீர் அவள் முட்டியைத் தொடவில்லை.

"இதான் இடுப்பா?"

"அன்னைக்கு அலை கொஞ்சம் ஜாஸ்தி..." என்றேன்.

"சுப்பண்ணே!"

"முட்டியளவு தங்கச்சி. குப்புற வுழுந்தாரு. கயிறு கால்ல சுத்தினுருந்துதா, எழுந்துக்கத் தெரியாம பொரண்டுகினு இருந்தாரு. அறுத்து வுட்டேன். முட்டியளவுன்னாலும் மூக்கு உள்ள இருந்தா சாவுதான். அதான் நான் கத்தி கேட்டேன்."

திலீப் சிரித்த சிரிப்பில் கல் மேல் உட்கார்ந்திருந்த காக்காய் பறந்து போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கடலை வாளியில் மொண்டு அவன் தலையில் ஊற்றியிருப்பேன்.

"கத்தியக் குடுங்க," என்றாள் ஷம்ஷாத்.

கடலில் எறியப்போகிறாள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது. கொடுத்தேன். அவள் கைப்பையைத் திறந்து, அந்தப் பொடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, தண்ணீரில் நின்றபடியே கால் சுற்று தளர்த்தினாள். ஒற்றைக் கையில் பிடித்துக் கட்டை விரலால் தள்ளினாள்.

'டக்!'

நாலு நாளாக முறுக்கி முறுக்கிச் சோதித்துப் பார்த்ததில், கத்தி என்னைவிட அவளுக்குப் பழகியிருந்தது.

"தங்கச்சி, நீ வேணா ஏறிக்க," என்றான் சுப்புராயன்.

அவள் சிரிக்கவில்லை. கத்தியை மடக்கி என் கையில் வைத்து அழுத்தினாள். "முட்டியளவு தண்ணில எழுந்து நிக்கத் தெரியாத ஆளு நீங்க. கத்தியாவது ஒழுங்கா வேல செய்யட்டும். பத்து இல்லண்ணே, இருவது தபா விரிக்கச் சொல்லு."

விரித்தேன். ஏழாவதில் கத்தரிக்காய் விரல் அழுதது. பதிமூன்றாவதில் நானே அழுதிருப்பேன், திலீப் பார்த்துக்கொண்டிருந்ததால் அழவில்லை. இருபது. ஒன்றுகூடக் குறையவில்லை, சந்தேகம் இருந்தால் சுப்புராயனைக் கேளுங்கள், என்னைக் கேட்க வேண்டாம்.

படகைத் தள்ளினோம். நான் ஏறி என் இடத்தில் உட்கார்ந்தேன். மோட்டார் உறுமியது. கரையில், நனைந்த சேலையோடு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள் ஷம்ஷாத். குப்பமே கேட்கும்படி கத்தினாள்:

"எவ்ளோ தூரம் போறீங்க?"

"பத்து மைல்!" என்று கத்தினேன்.

"சுப்பண்ணே! எவ்ளோ தூரம்?"

"ரெண்டு தங்கச்சி!" என்றான் அந்தத் துரோகி.