ஏழாம் வகுப்புப் பக்கம் வராதீங்க சார்

திண்டுக்கல்லில் ஒரு வாடகை வீடு, கிக்கரை மிதித்து மிதித்துக் கால் நொந்துபோகும் ஒரு பழைய ஸ்கூட்டர். இவற்றை விட்டால் ராயப்பராஜ் சாருக்கு இருந்த ஒரே சொத்து கன்ட்ரோல்தான். ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். வராந்தாவில் நின்று தொண்டையைச் செருமினால் போதும், ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கப்சிப். வட்டாரக் கல்வி அலுவலர் மணிமாறன் கூட்டம் போடும்போதெல்லாம் மற்ற தலைமையாசிரியர்களைப் பார்த்து, "ராயப்பராஜ் சார் ஸ்கூல ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்கய்யா" என்பார். அன்றைக்கு மட்டும் சார் ஸ்கூட்டரை ரொம்ப மெதுவாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

இவ்வளவு கன்ட்ரோல் இருந்த பள்ளியில் கணக்கு நடத்த ஆள் இல்லை. இருந்த வாத்தியார் மாறுதலில் போனதோடு சரி. ராயப்பராஜ் தமிழ் நடத்துகிறவர். வேறு வழியில்லாமல் ஏழாம் வகுப்புக்குத் தானே பின்னம் எடுத்துப் பார்த்தார். அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்பது வரைக்கும் ஆண்டவர் கிருபையால் வண்டி ஓடியது. அதற்கு மேல் நகர மாட்டேன் என்றது. அலுவலகத்துக்கு மனு மேல் மனு எழுதி, நாலு பேரைப் போய்ப் பார்த்து, கடைசியில் சின்னாளப்பட்டியிலிருந்து ஜீவிதா டீச்சரைத் தற்காலிக ஆசிரியையாக வாங்கினார். இந்த டீச்சரும் போய்விட்டால் அடுத்த ஆள் வருவதற்குள் இப்போதைய ஏழாம் வகுப்பு மீசை முளைத்து வேலைக்கே போய்விடும். இது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே டீச்சரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். வினை அதில்தான் வந்தது.

ஏழாம் வகுப்பில் சத்தம் கிளம்பினால் சார் உடனே போய் நின்றுவிடுவார். பிள்ளைகள் மொத்தமும் எழுந்து, "வ...ண...க்...க...ம் ஐ...யா" என்று தேர் இழுக்கிற மாதிரி இழுக்கும். உட்காரச் சொல்வார். உட்காரும். பிறகு, "நாங்கள்லாம் படிக்கையில..." என்று ஆரம்பிப்பார். பள்ளிக்கூடத்துக்குப் போக ஆறு தாண்டிய கதை. பைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போன கதை. ஒரு பிள்ளை அசையாது. இளஞ்செழியன் மட்டும் பயபக்தியாக எழுந்து, "சார், அன்னிக்கு ஆத்துல தண்ணி எம்புட்டு சார் வந்துச்சு?" என்று கேட்பான். சார் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். போன வாரம் அது இடுப்பாக இருந்தது. கதை அக்கரை சேரும்போது மணி அடிக்கும். "கவலைப்படாதீங்க டீச்சர், நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வருவார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜீவிதா டீச்சர் கைப்பையோடு அவர் அறைக்கு வந்து நின்றார்.

"சார், திண்டுக்கல்ல ஒரு தனியார் ஸ்கூல்ல கூப்பிடுறாங்க. திங்கக்கிழமை சேர்றேன்னு சொல்லப் போறேன்."

சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சம்பளம் கூடவா டீச்சர்?"

"கம்மி சார்."

"பயலுகளா? எவன்னு மட்டும் சொல்லுங்க. தோலை உரிச்சிர்றேன்."

"பசங்க இல்ல சார்." டீச்சர் கைப்பையைத் தோளில் ஏற்றி மாட்டிக்கொண்டார். "நீங்கதான்."

சாருக்கு முதலில் விளங்கவில்லை. தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தார்.

"வகுத்தல் வர்ற வரைக்கும் பசங்க ஒழுங்காத்தான் சார் இருக்காங்க. கஷ்டமான கணக்கைப் போர்டுல எழுதுனதும் சத்தம் ஆரம்பிக்குது. ஏன்னா சத்தம் போட்டா நீங்க வருவீங்க. வணக்கம் சொல்லலாம், கதை கேக்கலாம், பீரியட் போயிரும். அந்தத் தண்ணி எம்புட்டுங்கிற கேள்விய யாரு கேக்கணும்னு முதல் நாளே பேசி வச்சுக்கிறாங்க சார். என்னைய ஒருத்தரும் மதிக்கிறதே இல்ல. டீச்சர் எதுக்கு, சார்தான் இருக்காரேன்னு ஆகிப்போச்சு."

சார் மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்துப் பார்த்தார். அதை இந்தப் பக்கம் வைத்தார். திரும்ப அந்தப் பக்கம் வைத்தார். அவருக்கு அவமானமாக இருந்தது. அந்தக் கதையைப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தார்.

"போகாதீங்க டீச்சர்" என்றார். "நான் என்ன செய்யணும்?"

"காலாண்டுப் பரிட்சை முடியிற வரைக்கும் ஏழாம் வகுப்புப் பக்கம் வராதீங்க சார். கூரையே இடிஞ்சு விழுற மாதிரி சத்தம் கேட்டாலும் வரக்கூடாது. ஒரு தடவை வந்தீங்கன்னாலும் நான் கிளம்பிருவேன்."

திங்கட்கிழமை டீச்சர் வந்தார். சத்தமும் வந்தது. சார் அறையில் உட்கார்ந்திருந்தார். தொண்டை அரித்தது. செருமினால் கேட்டுவிடுமே என்று தண்ணீராகக் குடித்துத் தீர்த்தார். பக்கத்து அறையில் மூன்றாம் வகுப்பு எடுக்கிற டெய்சி டீச்சர் எட்டிப் பார்த்து, "சார், உடம்புக்கு எதுவும் முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏழாம் வகுப்புக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வகுப்புத் தலைவி பானுப்ரியா அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், ஏழாம் வகுப்பு ரொம்ப சத்தம் போடுது சார். வாங்க சார்."

"போடட்டும்."

அவள் முகம் தொங்கிப்போய்த் திரும்பினாள். செத்த நேரத்தில் இளஞ்செழியனே வந்தான்.

"சார், நான் பெஞ்சு மேல ஏறி நின்னேன் சார்."

"எறங்கிட்டியா?"

"எறங்கிட்டேன் சார்."

"அப்பச் சரி, போ."

செய்த குற்றத்தை வந்து ஒப்புக்கொண்ட பிறகும் தண்டனை கிடைக்காத வருத்தத்தோடு அவன் போனான். அவனைப் பார்க்கச் சாருக்கே பாவமாக இருந்தது.

சத்தம் அந்த வாரம் கூடியது. அடுத்த வாரம் கொஞ்சம் குறைந்தது, பிறகு திரும்பவும் கூடியது. கூடிய ஒரு நாளாகப் பார்த்துத்தான் மணிமாறன் சார் முன்னறிவிப்பில்லாமல் ஜீப்பில் வந்து இறங்கினார்.

டீ வந்தது. அலுவலர் ஒரு வாய் குடிப்பதற்குள் ஏழாம் வகுப்பில் 'ஓ'வென்று ஒரு கூச்சல்! ஜன்னல் கம்பி அதிர்ந்தது என்றால் பொய்யில்லை.

"என்ன சார் அது?"

"ஏழாம் வகுப்பு சார். பின்னம் நடக்குது."

"பின்னத்துக்கா இம்புட்டுச் சத்தம்? நீங்க போய்ப் பாக்கலையா?"

"இல்ல சார்."

அலுவலர் கிளாசைக் கீழே வைத்தார். "இருங்க, நானே போய்ப் பாத்துட்டு வாரேன்."

ராயப்பராஜுக்கு உயிரே போய்விட்டது. இவர் போனால் பிள்ளைகள் எழுந்து நிற்கும், வணக்கம் சொல்லும், இவரும் கதை சொல்வார். இவரிடம் என்னென்ன கதை இருக்கிறதோ! தலைமையாசிரியர்தான் ஆளை அனுப்பினார் என்று டீச்சர் நினைப்பார், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சார் சட்டென்று எழுந்து வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். மேலதிகாரியை வழிமறிப்பது அவர் சர்வீஸில் அதுவே முதல் தடவை.

"சார், தயவுசெஞ்சு போகாதீங்க."

"என்னய்யா இது? அப்ப நீங்க போய் அடக்குங்க."

"நான் போகமாட்டேன் சார். டீச்சர் பாத்துக்குவாங்க."

"டீச்சர் பாத்துக்கிற லட்சணம்தான் கேக்குதே! ராயப்பராஜ், ஒன்றியம் பூராவும் உங்க கன்ட்ரோலைப் பத்திப் பேசியிருக்கேன். நான் இதைப் பதிவேட்டுல எழுதாமப் போக முடியாது. உங்களுக்குக் கன்ட்ரோல் இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க."

சாருக்குக் கண் கலங்கியது. வாசலை விட்டு மட்டும் அவர் நகரவில்லை.

"இல்ல சார். எழுதிக்கங்க."

அலுவலர் எழுதினார். 'தலைமையாசிரியருக்கு மாணவர்கள் மீது போதிய கட்டுப்பாடு இல்லை.' அவர் முற்றுப்புள்ளி வைத்துப் பேனாவை மூடும்போது ஏழாம் வகுப்பில் சத்தம் தேய ஆரம்பித்தது. அங்கங்கே நாலு குரல், அப்புறம் ஒரு குரல், அதுவும் நின்றது. பிறகு ஜீவிதா டீச்சரின் குரல், கத்தாமல், சாதாரணமாக:

"முடிஞ்சுதா? நல்லது. கணக்கு போர்டுலயே இருக்கு, எங்கேயும் போகல. எங்க விட்டோம்?"

"தலைகீழாத் திருப்பிப் பெருக்கணும் டீச்சர்" என்றது இளஞ்செழியன் குரல்.

அலுவலர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "யாரு போய் அடக்குனது?"

"யாரும் போகல சார்."

சொல்லும்போது ராயப்பராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தான் போகாமலே அடங்கிவிட்டதே என்று வருத்தமாகவும் இருந்தது.

அலுவலர் பதிவேட்டைத் திரும்பப் புரட்டினார். கொஞ்சம் சங்கடப்பட்டார். "எழுதுனதை அடிச்சிரவா சார்?"

"வேணாம் சார். அந்த வகுப்பு என் கன்ட்ரோல்ல இல்லதானே. டீச்சர் கன்ட்ரோல்ல இருக்கு." எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையையும் அழுத்திக் குத்தினார்.

அலுவலர் கிளம்பி வராந்தாவில் கால் வைத்தார். சார் அவர் முழங்கையைப் பிடித்துவிட்டார்.

"அந்தப் பக்கம் வேணாம் சார். ஏழாம் வகுப்பு ஜன்னல் இருக்கு. உங்களப் பாத்தா எந்திரிச்சு நின்னுரும்க."

"அப்ப ஜீப்புக்கு எப்படிப் போறது?"

"சத்துணவுக் கூடத்தைச் சுத்திப் போயிரலாம் சார். கொஞ்சம் சேறா இருக்கும்."

பாத்திரம் கழுவிய தண்ணீர் தேங்கிக் கிடந்த வழியில், பேண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வட்டாரக் கல்வி அலுவலரும் தலைமையாசிரியரும் ஒருவர் பின் ஒருவராக, சத்தம் போடாமல் நடந்து போனார்கள்.