தத்துவப் பேராசிரியர் பிளக் மாட்டிய கதை

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ஏப்ரல் வரை பனி கிடக்கும் ஒரு சிற்றூரில் லோர்னா ஹாகன் இருபத்தாறு வருடமாகப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். கல்லூரியிலிருந்து ஆள் வந்தபோது ஏதோ பனி தள்ளும் வண்டி மக்கர் செய்கிறது என்றுதான் நினைத்தாள்.

வந்தவர் தத்துவப் பேராசிரியர் பென்ஹாலோ. 'கையும் கருத்தும்' என்று புது வகுப்பு தொடங்குகிறாராம். வாரத்தில் இரண்டு நாள் புத்தகம், ஒரு நாள் மோட்டார் சைக்கிள்.

"நீங்க கை, நான் கருத்து" என்றார் சிரித்துக்கொண்டே.

லோர்னாவுக்கு அது சுருக்கென்றது. ஆனாலும் ஒப்புக்கொண்டாள். கல்லூரி வாசலை மிதிக்காதவள் அவள். அந்தக் குறை உள்ளே எங்கேயோ இருந்துகொண்டே இருந்தது.

முதல் நாள் பதினோரு மாணவர்களுக்கு நடுவே ஓடாத பழைய ஜப்பான் வண்டி ஒன்றை நிறுத்தி, "கார்புரேட்டரைக் கழட்டுங்க" என்றாள். மாரித் என்ற பெண் ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். பேராசிரியர் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம், மாரித். கழட்டறதுக்கு முன்னாடி, கழட்டறதுன்னா என்னன்னு நம்மளை நாமே கேட்டுக்கணும்."

கேட்டுக்கொண்டார்கள். வகுப்பு முடிந்தது. நான்கு வாரம் கேட்டுக்கொண்டார்கள். கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. ஐந்தாவது வாரம் மாரித் பொறுமை இழந்து, "சனிக்கிழமை உங்க கடைக்கு வரட்டுமா?" என்று லோர்னாவிடம் கிசுகிசுத்தாள். வந்தாள். அடுத்த சனிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள், வண்டியையும் தள்ளிக்கொண்டு.

பாடப் புத்தகம் ஒரு ஜெர்மானியர் எழுதியது, நானூறு பக்கம். எந்த வண்டி கைக்கு வந்தாலும் அதன் கையேட்டை அட்டையிலிருந்து அட்டை வரை படித்துவிடுவது லோர்னாவின் பழக்கம். இதையும் அப்படியே படித்தாள், மத்தியானம் ஹாம் சாண்ட்விச்சோடு. பாதி புரியவில்லை. புரிந்த பாதி அவளைப் பிடித்து உலுக்கியது. ஒரு நாள் அதை யோசித்துக்கொண்டே ஓட்டியதில் வீட்டுத் திருப்பத்தைத் தாண்டி இரண்டு மைல் போய்விட்டாள். யாரிடமாவது பேசாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

பேராசிரியரின் அறைக்கே போனாள்.

"நூத்திப் பத்தாம் பக்கத்துல அடிச்சுச் சொன்னதை முன்னூத்தி நாப்பதுல இல்லவே இல்லைங்கறாரே. எதை நம்பறது?"

அவர் கையிலிருந்த காபி பாதி வழியில் நின்றது.

"அருமையான கேள்வி. அவசரப்பட்டுப் பதில் தேடாதீங்க, லோர்னா. கேள்வியோடவே இருங்க."

மேஜைமேல் அவருடைய புத்தகம் விரிந்து கிடந்தது. தொண்ணூறாம் பக்கம் வரை ஒரே பென்சில் கோடு. அதற்கப்பால் ஜனவரிப் பனி மாதிரி, ஒரு காலடிகூட இல்லை. பந்தியில் உட்கார்ந்த பிறகு இலையை எடுத்துவிட்டது போலிருந்தது அவளுக்கு. கடைக்குத் திரும்பினாள்.

மே மாதம் கல்லூரியின் அறங்காவலர்கள் வந்தார்கள். புல்வெளியில் கூடாரம், நீளமான மேஜையில் உருளைக்கிழங்கு சாலட். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வண்டியை முடித்திருந்தார்கள். ஸ்பார்க் பிளக் மட்டும் பாக்கி. எல்லார் கண்ணெதிரிலும் அதைத் தானே மாட்டுவேன் என்று பேராசிரியர் ஒற்றைக்காலில் நின்றார். பொறுமையைப் பற்றிய உரை ஒன்று சட்டைப்பையில் தயாராக இருந்தது.

"முதல்ல விரலால திருகுங்க, புரொஃபசர். இறங்கலைன்னா வெளியே எடுத்துட்டு மறுபடி வைங்க. ஸ்பானரைத் தொடாதீங்க."

"தெரியும், தெரியும்."

இரண்டு சுற்று இறங்கியது. அப்புறம் முரண்டு பிடித்தது. அவர் கூடாரத்தை ஒருமுறை பார்த்தார். ஸ்பானரை எடுத்து உடம்பு பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டார். சோற்றில் கல்லைக் கடித்தாற்போல ஒரு சத்தம்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் லோர்னா.

"வழிக்கு வந்துடுச்சு, பாருங்க" என்றார் அவர்.

மூன்றாவது உதையில் வண்டி உறுமியது. கைதட்டினார்கள். அவர் உரையை வெளியே எடுத்தார். டமால்! பிளக் பிய்த்துக்கொண்டு பறந்து, கூடாரத் துணியில் மோதி, சாலட்டுக்குள் விழுந்து புதைந்தது. என்ஜின் நின்றுவிட்டது. ஈ பறந்தால் கேட்கும்.

பென்ஹாலோ லேசுப்பட்டவரா? கண்ணை மூடிக்கொண்டார்.

"கேக்குதா? இந்த மௌனம்! நாலு மாசமா நாங்க படிச்சது இதைத்தான்."

வண்டி கிளம்பியபோது விழுந்ததைவிடப் பலமாகக் கைதட்டல் விழுந்தது. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லோர்னா கரண்டியால் பிளக்கைத் தோண்டி எடுத்து, துணியில் துடைத்து, அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். பிளக்கின் மரை இடுக்கில் எல்லாம் என்ஜினிலிருந்து பிய்ந்த அலுமினியச் சுருள்.

"இது மௌனம் இல்லை, புரொஃபசர். மரை போச்சு."

யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. முதலில் குபுக்கென்று சிரித்தவள் மாரித். பிறகு பதினோரு பேரும்.

அடுத்த வாரம் டீன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நல்ல சேதி, லோர்னா! அடுத்த வருஷம் இந்த வகுப்பு ரெண்டு பிரிவா நடக்கப்போகுது. ஆனா பழுது பார்க்கிற நாள் இனிமே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். அந்த வண்டியை அப்படியே, பிளக் இல்லாம, நூலகக் கூடத்துல வைக்கப்போறோம். மாசம் ஒருதரம் வந்து தூசி தட்டித் தர முடியுமா?"

"தூசி தட்டறது என் தொழில் இல்லைங்க" என்று தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஜூனில் மாரித்தும் இன்னும் மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். அழிந்த மரையை எப்படிச் சரி செய்வது என்று காட்டச் சொன்னார்கள். நேராகத் துளை போட்டுப் புது மரை வெட்டுவதைக் காட்டிவிட்டு, பழைய என்ஜின் துண்டுகளை அவர்கள் முன்னால் போட்டாள். மாரித்தைத் தவிர மூன்று பேரும் கோணலாகத் துளைத்துக் கெடுத்தார்கள்.

"கெடுத்துட்டேன், லோர்னா" என்றான் ஒருவன்.

"நானும்" என்றான் இன்னொருவன்.

அவள் குனிந்து அலமாரிக்கு அடியிலிருந்து இன்னும் மூன்று துண்டுகளை இழுத்துப் போட்டாள்.